நானூறாவது பூனையும் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவும்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில வார்த்தைகள் அப்படியே விடப்பட்டுள்ளன.)



ஜப்பானில் ஒரு சின்ன விரிகுடா, அதில் கலந்த நஞ்சு, அதைத் தின்ற மீன், மீனைத் தின்ற ஜனங்கள். இதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் நம்ம தோழர் ஒருத்தர் கேட்டார்: "சேரிக்குக் குடிதண்ணிக் கொழாயே ஒழுங்கா வரல, நீங்க ஜப்பான் கடலப் பத்திப் பேசப் போறீங்களா?" நியாயமான கேள்வி. சுற்றுச்சூழல் என்றாலே புலி, பறவை, மரம் என்று பேசுகிறவர்களின் விவகாரம் என்றொரு எண்ணம் நமக்கு இருக்கிறது. அது சும்மா வந்த எண்ணம் இல்லை. அவர்கள் பேசுகிற விதம் அப்படி. மனுசனே இல்லாத இயற்கைதான் அவர்களில் பலருக்குப் பிடிக்கிறது.

நான் பேசப்போவது மனுசர்கள் இருக்கிற கடலைப் பற்றி. கண்ணால் கண்டதை அவர்கள் சொன்னபோது அது ஏன் அறிவாகக் கணக்கில் வரவில்லை என்பதைப் பற்றி. நான் விஞ்ஞானி கிடையாது. வேதியியலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு வங்கிக் கவுண்டரில் எழுத்தராக உட்கார்ந்திருப்பவன். கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். அதனால் ரசாயனம் வருகிற இடத்தில் வேகமாகவும் பத்திரம் வருகிற இடத்தில் மெதுவாகவும் போவேன். பொறுத்துக்குங்க.

ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவு. அதன் மேற்குக் கரையில், தீவுகள் சூழ்ந்த ஷிரானுய் என்ற உள்கடல். அந்தக் கடலின் ஓரத்தில் ஒரு மடிப்பு மாதிரி மினமாட்டா விரிகுடா. உப்புக் காய்ச்சுவதும் மீன் பிடிப்பதுமாக இருந்த ஊர். பிற்காலத்தில் சிஸ்ஸோ என்று பெயர் மாறிய ரசாயன நிறுவனம் 1908இல் அங்கே ஆலை வைத்தது. ஊர் ஆலைக்குப் பின்னால் வளர்ந்தது. வேலை ஆலையில், வைத்தியம் ஆலை ஆஸ்பத்திரியில், நகராட்சி வரியில் பெரும்பங்கு ஆலைப் பணம். 1932இல் அங்கே அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் முதலான பொருள்களுக்கு வேண்டிய மூலப்பொருள் அது. அந்த வேதிவினையைத் தூண்டிவிடப் பாதரசம் பயன்பட்டது. அந்த உற்பத்தி முறையை உருவாக்கிய பொறியாளர் ஆலை மேலாளராகி, பிறகு ஊருக்கே மேயராகவும் ஆனார். அவர் பெயர் ஹஷிமோட்டோ ஹிகோஷிச்சி. ஆலைக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் வேலி எங்கே இருந்தது என்று தேட வேண்டியதில்லை. இல்லை, அவ்வளவுதான்.

கழிவுநீர் ஹியக்கென் என்ற வாய்க்கால் வழியாக விரிகுடாவில் இறங்கியது. மீன் குறைகிறது என்று மீனவர்கள் முறையிட்டது 1950களில் அல்ல, 1920களிலேயே. 1926இல் ஆலை 1,500 யென் கொடுத்தது. நஷ்டஈடாக இல்லை, அனுதாபத் தொகையாக. இனி இதுபற்றி எந்தப் புகாரும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த நிபந்தனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை வரும்.

1950களின் தொடக்கத்தில் கடல் மாறுவதை மீனவர்கள் பார்த்தார்கள். மடவையும் சாவாளையும் உயிரோடு மிதந்தன, கையால் அள்ளலாம். சிப்பிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. பாசி வெளுத்து ஒதுங்கியது. காகங்கள் பறக்கிறபோதே விழுந்தன. ஹியக்கென் வாய்க்கால் முகத்தில் கட்டிய படகின் அடியில் சிப்பி ஒட்டுவதில்லை என்று கண்டுபிடித்து, படகைச் சுத்தம் செய்கிற வேலை மிச்சம் என்று சிலர் அங்கேயே கொண்டுபோய்க் கட்டினார்கள். நம்மாளுங்க மாதிரிதான், கிடைக்கிற லாபத்தை விடுவார்களா? ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒட்டுயிர் வாழ முடியாத தண்ணீர் எது என்று இடம் சுட்டிக் காட்டிவிட்டார்கள். ஆய்வுக்கூடம் இல்லாமல், காசு செலவில்லாமல்.

அடுத்தது பூனை. மீன் குடல், தலை, செதில் தின்று வளரும் கரையோரப் பூனைகள் தள்ளாடின, எச்சில் வடித்தன, சுற்றிச் சுற்றி ஓடி கடலில் விழுந்து செத்தன. ஜனங்கள் அதைப் பூனை ஆட்ட நோய் என்றார்கள். 1954 ஆகஸ்ட் மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. மோதோ என்ற மீனவக் குப்பத்தில் பூனைகள் கிட்டத்தட்ட அடியோடு செத்துப்போய்விட்டன, எலித்தொல்லை தாங்கவில்லை, எலியை ஒழித்துத் தாருங்கள் என்று நகராட்சிக்கு மனு. தமாஷ் செய்தியாகத்தான் அதைப் படித்திருப்பார்கள். இன்றைக்கு அதைப் படித்தால் முழு நோயின் வரைபடமும் அதில் இருக்கிறது. மீன், மீனைத் தின்ற பூனை, பூனை இல்லாமல் பெருகிய எலி. சொன்னவன் குப்பத்தான். பதில் எலி மருந்து.

1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டாள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, வலிப்பு. சில நாளில் அவள் தங்கை. பிறகு பக்கத்து வீடு. 1956 மே 1 அன்று ஆலை ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் ஹொசொகாவா ஹஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று பொதுச் சுகாதார நிலையத்துக்கு அறிக்கை கொடுத்தார். இன்றும் மினமாட்டா நோயின் அதிகாரபூர்வமான தொடக்க நாள் அதுதான்.

தொற்றுநோய் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். நோயாளிகளைத் தனிமை வார்டுக்கு மாற்றினார்கள். வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். அந்த வாசனை ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நோய் வந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் அந்த வீட்டாரிடம் காசைக் கையால் வாங்கவில்லை. குச்சியால் எடுத்தார்.

குச்சியால் எடுத்தார், தோழர்களே. இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

ஜப்பானில் புராக்குமின் என்று ஒரு மக்கள் உண்டு. தோல் வேலை, இறைச்சி வேலை என்று தொழிலைச் சொல்லித் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள். 1922இல் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைக் கட்டிப் போராடியவர்கள். ஆனால் மினமாட்டாவில் குச்சியால் காசு எடுக்கப்பட்டது இவர்கள் புராக்குமின் என்பதால் அல்ல. நோய் வந்த மீனவர்கள் என்பதால். அவர்களில் பலர் அமக்குசா தீவுகளிலிருந்து பிழைக்க வந்து கரையில் குடிசை போட்டவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை 'நாகரே' என்பார்கள். மிதந்து வந்தவர்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒரு படி கீழே வைத்திருந்தார்கள். நோய் வந்ததும் அந்தப் படி தீண்டாமையாக மாறுவதற்குச் சில மாதங்கள் போதும். தீண்டாமை என்பது புராதனம், மனதில் ஊறியது, மெல்லத்தான் போகும் என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்களே, அவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். செய்கிறபோது எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்கள் பாருங்கள். அதற்காக நம்முடைய சாதியும் அவர்களுடைய விலக்கும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே நோய்க்குப் பின்னால் வந்தது. இங்கே பிறக்கும் முன்பே காத்திருக்கிறது.

சரி, ஆய்வுக்கு வருவோம். குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவக் குழு 1956 நவம்பரிலேயே சொல்லிவிட்டது: தொற்று இல்லை, ஏதோ ஒரு கன உலோக நஞ்சு, மீனும் சிப்பியும் வழியாக உள்ளே போகிறது. எந்த உலோகம் என்று தெரியவில்லை. மாங்கனீசு என்றார்கள், செலினியம் என்றார்கள், தாலியம் என்றார்கள். ஆலை தன் கழிவில் என்ன இருக்கிறது என்று காட்டாதபோது இருட்டில்தான் துழாவ வேண்டியிருந்தது. 1957இல் உள்ளூர்ச் சுகாதார நிலையத்தின் தலைவர் இட்டோ ஹசுவோ ஒரு எளிய சோதனை செய்தார். விரிகுடாவில் பிடித்த மீனைப் பூனைகளுக்குப் போட்டார். பூனைகள் ஆடின. குப்பத்து ஜனங்கள் மூணு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது ஒரு டாக்டர் பார்த்தார்.

அப்போதே மீன் விற்பனையைத் தடுத்திருக்கலாம். குமமோட்டோ மாநில நிர்வாகம் உணவுச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. 1957 செப்டம்பரில் பதில் வந்தது. விரிகுடாவின் எல்லா மீனும் சிப்பியும் நஞ்சாகிவிட்டன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, எனவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. இந்த 'எல்லா' என்ற ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். கடலில் உள்ள ஒவ்வொரு மீனையும் பிடித்துச் சோதித்து விஷம் என்று காட்டினால்தான் ஒரு மீனைத் தடை செய்வார்களாம். கோப்பு எழுதத் தெரிந்தவன் கொலை செய்ய வேண்டியதில்லை. ஒரு பெயரடை போதும்.

1958இல் ஆலை என்ன செய்தது? கழிவை நிறுத்தவில்லை. வாய்க்காலைத் திருப்பி மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில் விட்டது. விரிகுடாவுக்குள் இருந்தது வெளிக்கடலோரம் பரவியது. அடுத்த வருஷம் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்களில் நோயாளிகள். விஞ்ஞானத்தில் இதைச் சோதனை என்பார்கள். விட்ட இடம் மாறினால் விளைவும் மாறுகிறதா என்று பார்ப்பது. சோதிக்கப்பட்டது யார் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

1959 ஜூலை 22 அன்று குமமோட்டோ குழு அறிவித்தது: கரிமப் பாதரசம். ஹியக்கென் வாய் அருகே எடுத்த சேற்றில் டன்னுக்கு ஏறக்குறைய 2 கிலோ பாதரசம் இருந்தது. ஆலைக்குள் நடக்கும் வினையிலேயே பாதரசத்தில் ஒரு பங்கு மெத்தில் பாதரசமாகிறது. அது தண்ணீரில் கொஞ்சம்தான் இருக்கும். நுண்ணுயிர்கள் அதை உடம்பில் சேர்க்கும், அவற்றைத் தின்கிற சின்ன மீனில் அதைவிட அதிகம், சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனில் இன்னும் அதிகம். வாசனை இல்லை, ருசி மாறாது, கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மனுசன் உடம்பில் மூளைக்குப் போகிறது. விரல் நுனி மரத்துப்போகும், பொத்தான் போட முடியாது, பார்வை குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஒடுங்கும், நடை தள்ளாடும். வெளியூர்க்காரர் தலைமுடியில் சராசரியாகப் பத்து லட்சத்துக்கு 4 பங்கு பாதரசம் இருந்தபோது, மினமாட்டா நோயாளி ஒருவரின் முடியில் 705 இருந்தது.

இதைக் கேட்டதும் தலைநகரத்திலிருந்து வேறு வேறு விளக்கங்கள் வரத் தொடங்கின. போர் முடிந்தபோது கடலில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்றார் ரசாயனத் தொழில் சங்கத்தின் இயக்குநர். தோக்கியோவின் பேராசிரியர் ஒருவர் அமீன் என்ற பொருளைச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு, கெட்டுப்போன மீனில் உண்டாகும் நஞ்சு என்று இன்னொரு பேராசிரியர் சொன்னார். அதாவது, ஏழை மீனவன் அழுகின மீனைத் தின்றான், அதனால் வந்தது.

இந்த இடத்தில் நமக்கு உடம்பு கூசுகிறது இல்லையா? செத்த மாட்டைத் தின்கிறவன் என்று நம்மை ஒதுக்கின அதே வாய். கடலிலிருந்து வந்த மீனை அடுப்பு மூட்டும் முன் துள்ளத் துள்ள வீட்டுக்குக் கொண்டுபோகிற ஜனங்களைப் பார்த்து அழுகின மீன் தின்றாய் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும். ஆனால் ஆய்வுரை என்ற பெயரில் வந்ததால், பாதரசம் என்ற முடிவும் அழுகல் என்ற முடிவும் ஒரே எடை உள்ள இரண்டு கருத்துக்களாகப் பத்திரிகைகளில் வைக்கப்பட்டன. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆய்வு தொடர்கிறது. அந்த வாக்கியத்தின் நிழலில் ஆலை இன்னும் ஒன்பது வருஷம் ஓடியது.

இப்போது பூனைக்கு வருகிறேன். ஹொசொகாவா ஆலையின் சம்பளம் வாங்கும் மருத்துவர். அவர் ஆலைக்குள்ளேயே பூனைகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். 1959 ஜூலையில் நானூறாவது எண் கொடுக்கப்பட்ட பூனைக்கு, அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரையே நேராகச் சோற்றில் கலந்து கொடுத்தார். இரண்டரை மாதத்தில், அக்டோபர் தொடக்கத்தில், அந்தப் பூனை ஆடியது. மீன் கூடத் தேவைப்படவில்லை. மூளையைச் சோதித்தபோது அதே நோய். அவர் நிர்வாகத்திடம் சொன்னார். நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது. வெளியே தெரியவில்லை. 1970 ஜூலையில், புற்றுநோயோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி, நீதிமன்றத்துக்காகச் சாட்சி சொன்னார். அந்த அக்டோபரில் இறந்துபோனார். அவரை நல்லவர் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. நோயை அரசுக்குச் சொன்னவரும் அவர்தான், காரணத்தைப் பத்து வருஷம் சொல்லாதிருந்தவரும் அவர்தான்.

ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் பத்திரம் எழுதப்பட்டது. பூனை ஆடியது அக்டோபரில். 1959 டிசம்பர் 30 அன்று, வருஷக் கடைசியில், கையில் காசில்லாத நோயாளிக் குடும்பங்கள் ஆலையோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பெயர், அனுதாபத் தொகை ஒப்பந்தம். இறந்தவருக்கு 3 லட்சம் யென். உயிரோடு இருக்கும் பெரியவருக்கு வருஷத்துக்கு 1 லட்சம். குழந்தைக்கு வருஷத்துக்கு 30,000.

நான் தினமும் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவன். எங்கே போடணும் என்று விரலால் காட்டுவேன், அவர்கள் போடுவார்கள். பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை, படிக்க நாங்கள் நேரம் கொடுப்பதும் இல்லை. அந்தப் பழக்கத்தில் இந்த ஒப்பந்தத்தை வாசித்தேன். நாலாவது பிரிவு: நோய்க்கு ஆலைக் கழிவு காரணமில்லை என்று பின்னால் தெரிந்தால், அந்த மாதத்தோடு பணம் நிற்கும். ஐந்தாவது பிரிவு: ஆலைக் கழிவுதான் காரணம் என்று பின்னால் முடிவானாலும், புதிதாக எந்த நஷ்டஈடும் கேட்கக்கூடாது. உண்மை எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆலைக்கு நஷ்டமில்லை. ஐந்தாவது பிரிவை எழுதினவர்கள் பக்கம் அந்த நேரம் நானூறாவது பூனையின் சேதி இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் பக்கம் இல்லை. 1926இன் நிபந்தனையை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அதேதான் கொஞ்சம் நல்ல சட்ட மொழியில். 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் விரோதமானது என்று அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது. பதிமூணு வருஷம் செல்லுபடியாகியிருந்த பிறகு.

அதே டிசம்பரில் ஆலை ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துத் திறப்பு விழா நடத்தியது. நிறுவனத் தலைவர் எல்லோருக்கும் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டினார். அந்த இயந்திரம் கரிமப் பாதரசத்தை நீக்கச் செய்யப்பட்டதே அல்ல. அந்த டம்ளரில் இருந்ததும் அந்தக் கழிவு அல்ல. ஊர் நம்பியது. பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மீன் தின்பதும் தொடர்ந்தது.

இந்த அமைதியான வருஷங்களில்தான் இன்னொன்று வெளிவந்தது. மீனே தின்னாத குழந்தைகள் கழுத்து நிற்காமல், கை கால் முறுக்கி, பேச்சில்லாமல் இருந்தன. மருத்துவப் புத்தகம் என்ன சொன்னது? தாயின் நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும், குழந்தைக்குப் போகாது. ஆகவே இது பிறவி மூளை வாதம், மினமாட்டா நோய் இல்லை. ஹராதா மசசூமி என்ற இளம் மருத்துவர் 1961இல் குப்பத்துக்குப் போனார். ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பையன்கள். ஒரே மாதிரி அறிகுறி. பெரியவனுக்கு மினமாட்டா நோய், சின்னவனுக்கு இல்லை என்றாள் தாய். ஏன் என்று கேட்டார். சின்னவன் மீன் தின்னவில்லை, அதனால் டாக்டர்கள் இல்லை என்கிறார்கள். நான் தின்றேன், என் வயிற்றிலிருந்து அவனுக்குப் போய்விட்டது என்று நான் நினைக்கிறேன், இங்கே உள்ள பெண்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்ற பொருளில் அவள் சொன்னாள். புத்தகத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்ற ஹராதா, பெண்ணை நம்பிப் பார்க்கலாம் என்று தொடங்கினார். இறந்துபோன குழந்தைகளின் உடல் பரிசோதனைக்குப் பிறகு 1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குக் கருவிலேயே மினமாட்டா நோய் வந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழில் அதற்கு நஞ்சுக்கொடி என்றே பெயர் வைத்தவள் எந்தக் கிழவியோ. நஞ்சைத் தடுக்கும் கொடியா, நஞ்சைக் கொடுக்கும் கொடியா என்று அவள் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

இதற்குத் தொடர்ச்சியாக ஒன்று. நம்மிடம் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள் அல்லவா? ஜப்பானில் அதைச் சின்ன மரப்பெட்டியில் வைத்து வீட்டில் பத்திரப்படுத்துவார்கள், பிறந்த தேதி எழுதி. ஹராதா அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு கொடியிலும் எவ்வளவு மெத்தில் பாதரசம் என்று அளந்தார்கள். 1975இல் அது ஆய்வாக வெளிவந்தது. ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறின வருஷங்களில் கொடியிலும் பாதரசம் ஏறியிருந்தது. அரசும் ஆலையும் அளக்காமல் விட்ட வருஷங்களுக்கான கணக்குப் புத்தகத்தைத் தாய்மார்கள் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்கள். கடலைப் பற்றின ஆய்வில் எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஆவணம் கிடையாது. பேரேடு எழுதுகிறவன் சொல்கிறேன், எடுத்துக்குங்க.

மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1965இல் நீகாடாவில், அகானோ ஆற்றங்கரையில், வேறொரு நிறுவனத்தின் கழிவால் இதே நோய் வந்தது. மினமாட்டாவில் நிறுத்தியிருந்தால் அங்கே வந்திருக்காது. 1968 மே மாதம் சிஸ்ஸோ அந்த உற்பத்தியை நிறுத்தியது. மனசாட்சியால் அல்ல, முறை பழசாகிவிட்டது. நிறுத்தி நாலு மாதம் கழித்து, செப்டம்பரில், ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், நிறுத்திய பிறகு.

ஆலைத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் என்று தொழிற்சங்கத்தில் இருக்கிற தோழர்கள் கேட்பீர்கள். நானும் சங்கத்தில் இருக்கிறவன். நீண்ட காலம் அவர்களும் ஆலையைக் காக்கிற பக்கம்தான் நின்றார்கள். ஆலை போனால் சோறு போகும். தங்களுடைய வேலைநிறுத்தத்தில் நிர்வாகம் சங்கத்தை உடைத்த பிறகுதான், அடிபட்ட அந்த முதல் சங்கம் 1968 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் போட்டது. மினமாட்டா நோய்க்காக இதுவரை நாங்கள் போராடாதது வெட்கம் என்று. 'வெட்கத் தீர்மானம்' என்றே அதற்குப் பெயர். நம்ம ஊர் சங்கங்களில் சாதியைப் பற்றி அப்படி ஒரு தீர்மானத்தை இன்னும் நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

1970 நவம்பரில் ஒசாகாவில் சிஸ்ஸோவின் பங்குதாரர் கூட்டம். நோயாளிகள் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கி, யாத்திரிகர் போடும் வெள்ளை உடையில், இறந்தவர்களுக்கான பாட்டைப் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். உரிமையாளராக. கவமோட்டோ தெருவோ என்ற நோயாளி, சைக்கிளிலும் நடந்தும் வீடு வீடாகப் போய், மறைந்து கிடந்த நோயாளிகளைக் கணக்கெடுத்தார். வெட்கத்துக்கும் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்துக்கும் ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய கணக்கெடுப்பு அது.

விரிகுடாவின் கதை தனி. 1974இல் நஞ்சு மீன் வெளியே போகாதபடி விரிகுடா வாயில் வலை கட்டினார்கள். கப்பல் போகிற வழியில் மட்டும் கட்ட முடியாது, அது திறந்தே இருந்தது. மீனுக்கு அந்த வாசல் தெரியாது என்று நம்பினார்கள் போலிருக்கிறது. 1977 முதல் 1990 வரை சேற்றைத் தோண்டினார்கள், ஏறக்குறைய 15 லட்சம் கன மீட்டர். அதையும் கடலையும் சேர்த்து மூடி 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். இன்று மேலே பூங்கா, புல்வெளி. கீழே பாதரசச் சேறு அப்படியே. 1997இல் மீன் பாதுகாப்பானது என்று அறிவித்து வலையை எடுத்தார்கள். கடல் ஓரளவு தேறியது. மீன் வந்தது, பவளம் வந்தது என்று படம் போடுகிறார்கள்.

ஜனங்கள் தேறவில்லை. 1977இல் அரசு ஒரு அளவுகோல் வைத்தது. கை கால் மரத்துப்போனது மட்டும் போதாது, இன்னின்ன அறிகுறியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று. மினமாட்டாப் பகுதியில் இந்த அளவுகோலில் தேறி, நோயாளி என்று சான்று பெற்றவர்கள் 2,300 பேருக்குள்தான். 2009இல் நிவாரணச் சட்டம் வந்தபோது விண்ணப்பித்தவர்கள் 60,000க்கும் மேல். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பவர்கள் எல்லாம் பொய்யர்களா? 2004இல் உச்ச நீதிமன்றம் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்றது. 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் வழக்குப் போட்ட 128 பேரையும் நோயாளிகள் என்று ஏற்றது. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு இந்த அளவுகோல் அரசியல் புரியும். நீ யார் என்று உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். தாளில் ஏறாது.

நமக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம் உண்டு. 1983இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பழைய வெப்பமானி ஆலை ஒன்று கழற்றிக் கொண்டுவரப்பட்டுக் கொடைக்கானலில் பூட்டப்பட்டது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001இல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதைக் கண்டு ஊரும் தொழிலாளிகளும் போராடிய பிறகுதான் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினஞ்சு வருஷம். நிலக்கரியிலும் பாதரசம் உண்டு. அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொட்டும் எண்ணூர் கழிமுகத்தில் இறால் தடவிப் பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள், தண்ணீர் எங்கே எப்போது மாறியது என்று இடம் காட்டுவார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது, 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரே மினமாட்டா உடன்படிக்கை. இந்தியா 2018இல் அதை உறுதிசெய்தது. அதனால் கையில் பிடித்துக் கேட்க ஒரு தாளாவது இருக்கிறது.

கடைசியாக ஒரு சேதி. 2024 மே 1. நோய் அறிவிக்கப்பட்டு 68 வருஷம் ஆன நாள். மினமாட்டாவில் நினைவுக் கூட்டம் முடிந்ததும் நோயாளி அமைப்புகளைச் சுற்றுச்சூழல் அமைச்சர் சந்தித்தார். ஆளுக்கு மூணு நிமிஷம். இறந்துபோன தன் மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருந்தார். மூணு நிமிஷம் தாண்டியது. அதிகாரிகள் மைக்கை அணைத்துவிட்டார்கள். நாடே பார்த்துத் திட்டிய பிறகு, ஒரு வாரம் கழித்து, மே 8 அன்று அமைச்சர் மறுபடியும் மினமாட்டாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

எனக்குக் கொடுத்த நேரமும் எப்போதோ முடிந்துவிட்டது, தலைவர் இரண்டு தடவை சீட்டு அனுப்பிவிட்டார். மைக்கை அணைக்காமல் விட்டதற்கு நன்றி. பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்கா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். நீங்க கேளுங்க அக்கா.